மறக்க மறந்த பலகை

மறதி ஒரு வியாதி என்றுதான் வெகு காலம் நான் எண்ணியிருந்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக் கொண்டு வீடு முழுவதும் அதையே தேடுகிற வயது எனக்கு. ஆகவே, மறதிக்குப் பரிந்து பேச எனக்கு நியாயமில்லை. ஆனால் சென்ற மழைக்காலத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு என் அபிப்பிராயம் சிறிது மாறியிருக்கிறது. மறக்க வேண்டிய சமயத்தில் மறக்காமல் இருப்பதும் ஒரு வியாதிதான். அதுவும் பணச் செலவு வைக்கக் கூடிய வியாதி.

நான் எழுதுவதற்கு ஒரு லாப்டாப் வைத்துக் கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம். ஒரு பக்கம் விண்டோஸ். மறு பக்கம் லினக்ஸ். இப்படி இருவரைக் குடி வைத்தவன் என் தமக்கையின் பேரன். இஞ்சினியரிங் கல்லூரியில் படிக்கிறான். லினக்ஸில் எழுதினால் வைரஸ் தொல்லை குறைவு என்பது அவன் கட்சி. அந்தப் பக்கத்தில் விளம்பரங்கள் வந்து எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் திருப்தி. பதிப்பகத்தாரோடு கடிதப் போக்குவரத்துக்கு மட்டும் விண்டோஸ். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வீட்டில் இருக்க முடியாது. ஒருவர் வெளியேறினால்தான் மற்றவர் உள்ளே வரலாம். அதற்கு 'ரீஸ்டார்ட்' என்று பெயர்.

ஒரு நாள் சாயங்காலம் கடிதங்களை அனுப்பி விட்டு, ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்குள் வந்தேன். அம்புக்குறி திரையின் நடுவில் நின்று கொண்டிருந்தது. கீபோர்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பாக ஒரு பலகை இருக்கிறதல்லவா, டச்பேட் என்கிறார்களே, அதன்மேல் விரலை நகர்த்தினேன். அம்புக்குறி அசையவில்லை. மேல்துண்டால் பலகையைத் துடைத்தேன். விரலையும் துடைத்தேன். பயனில்லை. மறுநாள் காலை லாப்டாப்பை மூடிப் பையில் வைத்து எடுத்துக் கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பையன் திறந்தான், ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தான், பலகையை நாலு தடவை தேய்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "டச்பேட் போயிடுச்சு சார். மாத்தணும். நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றான்.

"நேற்று மத்தியானம் வரையில் நன்றாயிருந்ததே அப்பா!"

"எல்லாமே போகிற வரைக்கும் நல்லாத்தான் சார் இருக்கும்."

இந்தத் தத்துவத்துக்கு மேல் நான் என்ன பேச முடியும்? பணத்தோடு வருகிறேன் என்று சொல்லித் திரும்பி விட்டேன். அன்று மாலை பேரன் வந்தான். அவன் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. சார்ஜரைப் பிடுங்கினான். லாப்டாப்பை முழுவதும் அணைத்தான். பிறகு அதன் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கொண்டு மனத்துக்குள் ஏதோ எண்ணினான். சற்று நேரம் கழித்து மறுபடியும் ஏற்றினான். அம்புக்குறி திரையெல்லாம் ஓடியது.

"இது சாகலை தாத்தா. முன்னாடி இருந்தவங்க சொல்லிக் கொடுத்த பாஷையிலேயே பேசிட்டிருந்தது. அதை மறக்க வைச்சேன், அவ்வளவுதான்" என்றான்.

நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிஞ்சியது. ஆனால் அன்றிரவு தூக்கம் மிஞ்சவில்லை. உயிரோடிருக்கும் ஒன்றுக்கு அன்று காலையில் மரணச் சான்றிதழ் எழுதி விட்டார்களே, நானும் அதை நம்பித் தலையாட்டி விட்டு வந்தேனே என்பது மனத்தை உறுத்திக் கொண்டிருந்தது. அந்தப் பலகையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்கலானேன். படித்ததில் நாவலுக்கு ஆகக் கூடிய சரக்கே இருந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

*

திரையில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டுவது எப்படி என்ற கவலை, லாப்டாப்புக்கு வெகு முன்பே தோன்றி விட்டது. 1952-ஆம் வருஷ வாக்கில் கனடா நாட்டுக் கடற்படைக்காக ஒரு யந்திரம் செய்தவர்கள், விளையாட்டில் உருட்டுகிற பந்து ஒன்றையே எடுத்து ஒரு பெட்டியில் பதித்தார்கள். பந்தைக் கையால் உருட்டினால் திரையில் குறி நகரும். பிறகு 1964-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவருக்குத் தோன்றிய யோசனையை, பில் இங்கிலீஷ் என்ற அவருடைய சகா ஒரு சிறு மரப்பெட்டியாகச் செய்து கொடுத்தார். அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். ஒன்று இட வல அசைவை அளக்கும், மற்றொன்று முன் பின் அசைவை அளக்கும். அதுதான் மவுஸ். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு மகாநாட்டில் எங்கல்பார்ட் அதை மேடையேற்றிக் காட்டினார்.

இந்த மவுஸிடம் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். 'நான் எங்கே இருக்கிறேன்' என்று அதற்குத் தெரியாது. 'எவ்வளவு நகர்ந்தேன்' என்று மட்டுமே சொல்லும். கண்ணைக் கட்டிக் கொண்டவன், கிழக்கே மூன்று அடி வைத்தேன், வடக்கே இரண்டு அடி வைத்தேன் என்று சொல்வது போல. இதை நினைவில் வைத்துக் கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்கிறேன். என் வீட்டுத் தகராறு முழுவதற்கும் மூலம் இதுதான்.

மடியில் வைத்துக் கொள்ளும் கம்ப்யூட்டர் வந்ததும் மவுஸுக்கு ஓட இடமில்லாமற் போயிற்று. ரயிலில் போகிறவனுக்கு மேஜை ஏது? 1991-இல் ஆப்பிள் கம்பெனி தன் பவர்புக்கில் கீபோர்டுக்குக் கீழே, நடுவில், ஓர் உருளைப் பந்தைப் பதித்தது. 1992-இல் ஐ.பி.எம். கம்பெனி தன் திங்க்பேடில் எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு குமிழை நட்டது. பந்தில் அழுக்குச் சேர்ந்தது. குமிழ் எல்லாருடைய விரலுக்கும் வசப்படவில்லை.

இதற்கிடையில் 1988-இல், யூட்டா மாகாணத்தில், ஜார்ஜ் கெர்ஃபைடு என்பவர் ஒரு பலகை செய்தார். அதில் நகருகிற பாகமே கிடையாது. பலகைக்கு அடியில் மெல்லிய மின்தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். நம் உடம்பு மின்சாரத்தைக் கொஞ்சம் தன்பால் இழுக்கக் கூடியது. விரல் அருகே வந்ததும் அந்தத் தகடுகளில் தேங்கும் மின்சாரத்தின் அளவு துளி மாறும். எந்தத் தகட்டில் எவ்வளவு மாறிற்று என்று பார்த்து, விரல் இருக்குமிடத்தைக் கணக்கிட்டு விடலாம். அழுத்தவே வேண்டாம். 1994-இல் ஆப்பிள் இதைத் தன் பவர்புக் 500 வரிசையில் வைத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இன்னொரு பெயரையும் சொல்லாமல் இருக்கலாகாது. பெடரிகோ பாஜின் என்பவர் இத்தாலியில் விசென்ஸா நகரத்தில் பிறந்தவர். 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் முதல் மைக்ரோபிராஸஸரை வடித்தவர்களில் முக்கியமானவர். அந்தச் சில்லில் தம் பெயரின் முதலெழுத்துகளைச் சிற்பி மாதிரி பொறித்து வைத்தவர். அவரும் கார்வர் மீட் என்ற பேராசிரியரும் 1986-இல் ஸினாப்டிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். மனித மூளையின் நரம்புகளைப் போல் வேலை செய்யும் சில்லுகளைச் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய கனவு. கனவு அப்போது சோறு போடவில்லை. ஆனால் உருவங்களை அடையாளம் கண்டு கொள்ளும் அந்த வித்தையே ஒரு விரலை அடையாளம் கண்டு கொள்ளும் பலகையாக முடிந்தது. மூளையைச் செய்யப் போனவர்கள் விரலில் வந்து நின்றார்கள். அந்த விரலே அவர்களை வாழ வைத்தது. கதை எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. மகா காவியம் என்று தொடங்கியது தொடர்கதையாக முடிந்து அரிசி வாங்கிக் கொடுப்பதை நாங்களும் அறிவோம்.

*

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

பலகை செய்தாயிற்று. அதைக் கம்ப்யூட்டரோடு எப்படிப் பேச வைப்பது? 1987-இல் ஐ.பி.எம். கம்பெனி பி.எஸ்/2 என்ற வரிசையை வெளியிட்டபோது, மவுஸுக்கென்று ஒரு வட்ட வாசலும், அந்த வாசலில் பேசுவதற்கு ஒரு பாஷையும் ஏற்படுத்தியிருந்தது. உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்தப் பாஷையைக் கற்றுக் கொண்டு விட்டன. புதிதாக வந்த பலகைக்குத் தனி வாசல் கிடையாது. ஆகவே அது ஒரு தந்திரம் செய்தது. 'நானும் மவுஸ்தான்' என்று சொல்லிக் கொண்டு அதே வாசலில் நுழைந்தது.

மவுஸ் பாஷையில் ஒவ்வொரு செய்தியும் மூன்று எண்கள். முதல் எண், எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்பது. இரண்டாவது, பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது. மூன்றாவது, மேலும் கீழும் எவ்வளவு. அவ்வளவுதான். பலகைக்கோ சொல்ல எத்தனையோ இருக்கிறது. விரல் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு பலமாகப் பதிந்திருக்கிறது, எத்தனை விரல், விரலா உள்ளங்கையா என்று எல்லாமே அதற்குத் தெரியும். ஆனால் மவுஸ் வேஷம் போட்டிருக்கும் வரையில் மூன்று எண்ணுக்குமேல் பேச முடியாது. ராஜா வேஷக்காரன் சேவகன் வேஷத்தில் வந்து, 'ஆகட்டும் மகாராஜா' என்ற ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போவது மாதிரி.

வேஷத்தைக் கலைக்க ஒரு ரகசியத் தட்டு வேண்டும். மவுஸ் மட்டும் இருக்கிற வீட்டில் அந்தத் தட்டு கேட்டால் ஒன்றும் நேரக் கூடாது. பலகை இருக்கிற வீட்டில் மட்டும் கதவு திறக்க வேண்டும். ஸினாப்டிக்ஸ் கம்பெனியார் கண்டுபிடித்த உபாயத்தை நான் மிகவும் ரசித்தேன். மவுஸுக்கு 'இன்ன நுணுக்கத்தோடு அள' என்று ஒரு கட்டளை உண்டு. அந்தக் கட்டளையோடு 0, 1, 2, 3 என்ற நான்கில் ஒன்றைத்தான் சொல்லலாம். அதை ஒரு முறை சொன்னால் போதும். புத்தியுள்ள எவனும் அடுத்தடுத்து நாலு தடவை சொல்ல மாட்டான். நாலு தடவை சொன்னால் அதுதான் ரகசியம்! நான்கு எண்களை நாலு முறை சொல்லும்போது 256 விதமான செய்திகளை அனுப்பலாம். நாலு முறையும் பூஜ்யத்தைச் சொல்லி, பிறகு 'உன் நிலைமை என்ன?' என்று கேட்டால், சாதாரண மவுஸ் தன் பொத்தான்களின் யோகக்ஷேமத்தைச் சொல்லும். பலகையோ நடுவில் 71 என்ற எண்ணைச் சொல்லித் தன்னைக் காட்டிக் கொண்டு விடும். அதன் பின்னர் மறுபடி நாலு முறை தட்டி, 'விநாடிக்கு 20 தடவை செய்தி அனுப்பு' என்று முடித்தால், பலகை தன் வேஷத்தைக் கலைத்து விட்டுச் சுயரூபத்தில் பேசத் தொடங்கும்.

இந்தச் சுயரூபத்தில் செய்திக்கு மூன்று எண்கள் அல்ல, ஆறு எண்கள். 'எவ்வளவு நகர்ந்தேன்' என்ற பேச்சே இல்லை. 'விரல் இந்த இடத்தில் இருக்கிறது' என்று துல்லியமாகச் சொல்லும். இடமிருந்து வலமாக ஏறக்குறைய 1472 முதல் 5472 வரை, கீழிருந்து மேலாக 1408 முதல் 4448 வரை கணக்கு. விரல் பதிந்திருக்கும் பலம் 0 முதல் 255 வரை. இரண்டு விரலா, மூன்று விரலா என்பதற்கும் தனிக் குறிப்பு. இரண்டு விரலால் பக்கத்தை உருட்டுகிறோமே, அந்தச் சௌகரியமெல்லாம் இங்கிருந்துதான் வந்தது.

ரகசியத் தட்டு பலகைக்கு மட்டும் சொந்தமல்ல. 1996-இல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி நடுவில் சக்கரம் வைத்த மவுஸை வெளியிட்டபோது அதுவும் இதே வழியைத்தான் பின்பற்றியது. விநாடிக்கு 200 என்று சொல்லி, உடனே 100 என்று மாற்றி, உடனே 80 என்று மாற்றி, 'நீ யார்?' என்று கேட்க வேண்டும். பழைய மவுஸ் 0 என்னும். சக்கர மவுஸ் 3 என்னும்.

இந்தத் தட்டுகளைத் தெரிந்து வைத்துக் கொண்டு, யந்திரத்தின் ஓர் உறுப்போடு பேசுகிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். டிரைவர் என்றதும் நமக்கு பஸ்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு யானைப் பாகன் என்று சொல்லத்தான் தோன்றுகிறது. பஸ் யார் ஓட்டினாலும் ஒரே மாதிரி ஓடும். யானை அப்படியல்ல, பழகிய வார்த்தைக்குத்தான் அசையும். பாகன் மாறி, பாஷையும் மாறினால், மலை மாதிரி நின்று கொண்டிருக்கும். யானைக்குக் காது செவிடு என்று புதுப் பாகன் சொன்னால் அது யானையின் குற்றமா?

*

பலகைக்கு நினைவு ஒன்று இருக்கிறது. எந்த நிலையில் பேசும்படி கடைசியாகச் சொன்னார்களோ, அந்த நிலையிலேயே அது இருக்கும். இரண்டு காரியங்கள் அதை மறக்கச் செய்யும். ஒன்று, மின்சாரம் அடியோடு நிற்பது. மற்றொன்று, 'ரீசெட்' என்ற கட்டளை; பி.எஸ்/2 பாஷையில் அதன் எண் 255. அதைச் சொன்னதும் சாதனம் 250 என்று 'கேட்டேன்' சொல்லி, தன்னைத் தானே பரிசோதித்துக் கொண்டு, 170 என்று 'சௌக்கியம்' சொல்லி, கடைசியில் 0 என்று தன் பெயரைச் சொல்லி நிற்கும். அப்போது அது மறுபடியும் சாதாரண மவுஸ். முன் ஜன்ம வாசனை எதுவும் கிடையாது.

ரீஸ்டார்ட் செய்யும்போது நடப்பது என்ன? விண்டோஸ் போகிறது, லினக்ஸ் வருகிறது. ஆனால் இடையில் மின்சாரம் எல்லா உறுப்புக்கும் நிற்பதில்லை. வீட்டுக்காரர் மாறுகிறார், சமையலறை அடுப்பு எரிந்து கொண்டேயிருக்கிறது. போகிறவர் பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்து விட்டுப் போக வேண்டும். அல்லது வருகிறவர் முதல் காரியமாக ரீசெட் செய்ய வேண்டும். இருவரும் 'அவர் செய்திருப்பார்' என்று இருந்து விட்டால் வினை வந்து சேர்ந்தது. ஆறு எண்ணாக வரும் செய்தியை மூன்று மூன்றாகப் பிரித்துப் படித்தால் என்ன ஆகும்? அம்புக்குறி பேய் பிடித்தது போல் மூலைக்கு மூலை பாயும். தொடாத பொத்தான் தானே அழுந்தும். கொஞ்சம் விவேகமுள்ள டிரைவர், 'இது அர்த்தமில்லாத பேச்சு' என்று கண்டு எல்லாவற்றையும் தள்ளி விடும். அப்போது அம்புக்குறி அசையாது. வேறு வாசல் வழியாகப் பேசும் பலகையானாலும் கதை இதுதான். என் வீட்டில் நடந்தது இந்த இரண்டாவது ரகம். நான் கடைக்கு எடுத்துப் போனபோது மூடி வைத்துத்தானே எடுத்துப் போனேன்? மூடினால் அது தூங்கும், அணையாது. கடைக்காரன் செய்ததும் மறுபடி ரீஸ்டார்ட்தான். ஆகப் பலகைக்கு மறக்கச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு. சில லாப்டாப்புகள் தூங்கும்போது பலகைக்குப் போகும் மின்சாரம் நின்று விடும். எழுந்திருக்கும்போது பலகை எல்லாவற்றையும் மறந்து, பழையபடி மவுஸாக எழுந்திருக்கும். டிரைவரோ தான் தூங்கியதையே அறியாதவன் மாதிரி ஆறு எண்களை எதிர்பார்த்துக் கொண்டிருக்கும். ஆகவே விழித்ததும் மறுபடி கதவைத் தட்ட வேண்டும். மறக்க வேண்டிய இடத்தில் நினைவும், நினைக்க வேண்டிய இடத்தில் மறதியும் என்று இரண்டு வகைத் துன்பம் அந்தச் சிறு பலகைக்கு. மனிதர்களிலும் இதே இரண்டு வகையைத்தான் நாம் பார்க்கிறோம்.

லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவரான லீனஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது. இன்று வரையில் பல தேசத்தார் சேர்ந்து எழுதி வருவது. ஸினாப்டிக்ஸ் கம்பெனி தன் பலகையின் பாஷையைப் புஸ்தகமாகவே வெளியிட்டு விட்டதால் அவர்களுக்கு அது சுலபமாயிற்று. எல்லாரும் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. ஜப்பானிய ஆல்ப்ஸ் கம்பெனியின் சில பலகைகளுக்குப் பாஷை விளக்கம் வெளியே வரவில்லை. 2011-ஆம் வருஷ வாக்கில் ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பாவனைக் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் விண்டோஸை ஓட விட்டு, அதன் டிரைவர் பலகையோடு பேசும் பேச்சையெல்லாம் நடுவில் நின்று ஒட்டுக் கேட்டு எழுதிக் கொண்டார். அடுத்த அறையில் பேசுவதைக் கேட்டே அந்நிய பாஷையைக் கற்ற மாதிரி. அந்த உழைப்பு லினக்ஸில் சேர்ந்தது. சம்பளக்காரர் ஆனாலும் தொண்டர் ஆனாலும், இது சாமான்யமான பொறுமை அல்ல.

நல்ல எண்ணத்தோடு செய்த காரியமும் ஜனங்களுக்குக் கஷ்டம் கொடுத்ததுண்டு. 2003 டிசம்பரில் லினக்ஸின் 2.6 என்ற பதிப்பு வந்தது. அதுவரையில் திரையைக் கவனிக்கிற புரோகிராமோடு சேர்ந்த டிரைவர்தான் ரகசியத் தட்டைத் தட்டி வந்தது. புதுப் பதிப்பில் லினக்ஸின் கருவே அந்த வேலையை எடுத்துக் கொண்டது. பலகை சுயரூபத்துக்கு வந்து விட்டால் அது தன் சொந்தப் புத்தியால் ஒன்றும் செய்யாது. விரலால் தட்டினால் க்ளிக் என்று பொருள் சொல்வதுகூட டிரைவரின் பொறுப்பு. மற்றப் பாதி டிரைவர் இல்லாத வீடுகளில், பொழுது விடிந்ததும் பலகையைத் தட்டினால் பதில் இல்லை. நேற்று வரை வேலை செய்த தட்டு இன்று ஏன் போயிற்று என்று கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட பரிகாரம் விசித்திரமானது: 'பலகையைப் பழையபடி மவுஸாகவே இருக்கச் சொல்லுங்கள்' என்று ஒரு கட்டளையை எழுதிக் கொள்ள வேண்டும். சேவகன் வேஷமே பரவாயில்லை என்று ஆகி விட்டது.

பின்னால், 2015-இல் பெடோரா 22 என்ற லினக்ஸ் பதிப்பு முதலாக, லிப்இன்புட் என்ற புதுப் பாகனிடம் பலகைகள் ஒவ்வொன்றாக ஒப்புவிக்கப்பட்டன. தனியே பொத்தான் உள்ள பலகைகளில் விரலால் தட்டினால் க்ளிக் ஆவதை இது சாதாரணமாக அணைத்தே வைத்திருக்கும். வேண்டுகிறவர்கள் ஏற்றிக் கொள்ளலாம். தெரியாமல் கை பட்டு எதையாவது திறந்து விடுவதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் ஏற்பாட்டை அறியாதவனுக்கு அதுவும் ஒரு மரணம்தான்.

*

ஆளுக்கொரு பாஷை, கம்பெனிக்கொரு டிரைவர் என்ற நிலைமையை மாற்ற 2013-இல் ஒரு முயற்சி நடந்தது. விண்டோஸ் 8.1-ஐ வெளியிட்டபோது மைக்ரோஸாஃப்ட் கம்பெனி, 'பிரிஸிஷன் டச்பேட்' என்ற பெயரில் பலகைகளுக்கெல்லாம் ஒரு பொது இலக்கணம் வகுத்தது. வாசலும் மாறியது. பிலிப்ஸ் கம்பெனி 1982-இல் ஏற்படுத்திய ஐ-டூ-ஸி என்ற இரண்டு கம்பிப் பாதை, பழைய மவுஸ் வாசலுக்குப் பதிலாகப் பல லாப்டாப்புகளில் வந்து விட்டது.

ஆனால் அந்தப் புது இலக்கணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதிலும் பலகை முதலில் மவுஸாகத்தான் விழிக்க வேண்டும்! நிலையைக் குறிக்கும் எண் 0 என்றால் மவுஸ். டிரைவர் வந்து 3 என்று எழுதினால்தான் சுயரூபம். ரீசெட் ஆனால் மறுபடி 0. இலக்கணம் தெரியாத பழைய சிஸ்டங்களிலும் அம்புக்குறி நகர வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் காரணம். நாலு தட்டு ஒரு தட்டாயிற்று; நேர்மையான தட்டாகவும் ஆயிற்று. ஆனால் வேஷமும் வேஷம் கலைப்பதும் போகவில்லை. ரீசெட் செய்தால் விதிப்படி பதில் சொல்லாமல் மௌனம் சாதிக்கிற உறுப்புகளும் இருக்கின்றன. லினக்ஸ்காரர்கள் அப்படிப்பட்டவற்றுக்கென்று ஒரு விலக்குப் பட்டியலே வைத்திருக்கிறார்கள்: 'இது பதில் சொல்லாது, காத்திராதே' என்று.

அணைப்பது என்ற வார்த்தைக்கும் அர்த்தம் நிச்சயமில்லாமற் போய் விட்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழுந்திருக்க வேண்டுமென்பதற்காக, ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் கருவின் நினைவைத் தட்டில் எழுதி வைத்துக் கொண்டுதான் போகிறது. திரும்பி வந்ததும் அதை எடுத்துப் படித்துக் கொள்கிறது. முழு மறதி வேண்டுமானால் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக் கொண்டு ஷட்டவுன் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் எல்லாவற்றையும் மறக்கிறது, ஆனால் உறுப்புகள் மறப்பதில்லை. ஷட்டவுனில் உறுப்புகள் மறக்கலாம், விண்டோஸ் மறப்பதில்லை. இந்த வேடிக்கையை அறியாமல்தான் நாம் ஒன்றுக்கு மற்றொன்று போதும் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

*

இவ்வளவையும் படித்ததில் என் மனத்தில் தங்கியவை இரண்டு விஷயங்கள்.

ஒன்று, லினக்ஸின் மவுஸ் டிரைவரில் எழுதி வைத்திருக்கும் ஒரு சிறு குறிப்பு. விடை பெறும்போது அந்த டிரைவர் சாதனத்தை ரீசெட் செய்து, பழைய மவுஸாக்கி, வேலை செய்யும் நிலையில் விட்டுத்தான் போகும். அவ்விதம் விடாமல் போனால் சில லாப்டாப்புகள் பயங்கரமாகக் குழம்பிப் போகின்றன என்று, ஒரு மாடலின் பெயரைச் சொல்லி அந்தக் குறிப்புக் காரணம் கூறுகிறது. எவனோ ஒருவனுடைய லாப்டாப் குழம்பி, அவன் புகார் செய்து, அதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதிய வரி அது.

மற்றொன்று, யூ.எஸ்.பி. வழியாக வரும் கீபோர்டு, மவுஸ்களுக்காக எழுதப்பட்ட விதி நூலில் உள்ள ஒரு வாக்கியம். சாதனம் விழிக்கும்போது இன்ன நிலையில் விழிக்கும் என்று அந்நூல் நிச்சயமாகச் சொல்கிறது. சொல்லி விட்டு, ஆனாலும் கம்ப்யூட்டர் எதையும் அனுமானம் செய்து கொள்ளக் கூடாது, தனக்கு வேண்டிய நிலையை ஒவ்வொரு முறையும் தானே கேட்டு ஏற்படுத்திக் கொள்ள வேண்டும் என்று புத்தி சொல்கிறது.

போகிறவர் ஒழுங்காக வைத்து விட்டுப் போக வேண்டும். வருகிறவர் அதை நம்பிக் கொண்டிராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கும் வாடகை வீடு காலி செய்கிறவருக்கும் நம் பெரியவர்கள் சொன்னதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த இரண்டில் ஒன்று தவறியதால், எத்தனை நல்ல பலகைகள் செத்தவையாக எண்ணப்பட்டுக் குப்பைக்குப் போயினவோ என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

சில தினங்கள் கழித்து அந்த ரிப்பேர் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். குற்றம் சொல்வதற்காகப் போகவில்லை என்பதையும் சொன்னேன். பையன் கோபித்துக் கொள்ளவில்லை. சற்று நேரம் யோசித்து விட்டு, பலகை மாற்றுவதற்காக அலமாரியில் வைத்திருந்த ஒரு பழைய லாப்டாப்பை எடுத்தான். சார்ஜரைப் பிடுங்கி, முழுவதும் அணைத்து, பொத்தானை அழுத்திக் கொண்டு எண்ணினான். இருவரும் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தோம். ஏற்றினான். பலகையைத் தடவினான். அம்புக்குறி அசையவில்லை.

"இது நெசமாவே போயிடுச்சு சார்" என்றான்.

இருக்கலாம். சில பலகைகள் உண்மையாகவே செத்துத்தான் போகின்றன. அன்று என் பலகையைப் பற்றிச் சொன்னதும் இதே வார்த்தைதான். ஆனால் இந்தத் தடவை ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்த பிறகு சொன்னான். பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு வாடிக்கைக்காரர் தம் லாப்டாப்பை மேஜைமேல் வைத்து, "மவுஸ் நகரமாட்டேங்குது தம்பி" என்றார். பையன் திருகாணிக் கட்டையை எடுக்கவில்லை. சார்ஜரைத்தான் முதலில் பிடுங்கினான்.